எந்த ஐ5? பாவித்த லெப்டொப் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்டெல் புரொசெசர் மதிப்பீடு

மட்டக்களப்பு திருகோணமலை வீதியாக இருக்கட்டும், கல்முனை பிரதான வீதியாக இருக்கட்டும், பாவித்த லெப்டொப் விற்கிற கடைகளில் ஒட்டியிருக்கிற விலைத் துண்டு அநேகமாக ஒரே மாதிரித்தான்: ஐ5, 8 ஜீபி, 256 எஸ்எஸ்டி. ரெம்மைப் பிறகு கூட்டலாம். எஸ்எஸ்டியை மாற்றலாம். அநேகமாக மாற்ற வழியே இல்லாதது அந்த ஐ5, அதாவது புரொசெசர். அது எந்த ஐ5 என்பதுதான் துண்டில் இருக்காது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜும் ஐ5, 2022இல் லெப்டொப்புக்கு வந்த ஆல்டர் லேக்கும் ஐ5.

இங்கே மதிப்பிடுவது எந்தக் கடையையும் அல்ல, அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிற புரொசெசர்களை. தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். கையில் காசு மட்டு என்றால் எட்டாம் ஜெனரேஷன் கேபி லேக் ஆர் கேளுங்கள். அதற்கு முந்திய ஐ7ஐ ‘ஐ7’ என்ற பெயருக்காக எடுக்காதீர்கள். பத்தாம் ஜெனரேஷன் கொமெட் லேக்குக்கு அதைவிட நிறைய விலை சொன்னால் விட்டுவிடுங்கள். கூடக் கொடுக்க முடியுமென்றால் கொமெட் லேக்கைத் தாண்டிப் பதினோராம் ஜெனரேஷன் டைகர் லேக்குக்கே போங்கள்.

ஜெனரேஷன் எண் விற்பனைப் பிரிவு வைக்கிற எண். சாண்டி பிரிட்ஜ், கேபி லேக் போன்ற குறிப்பெயர் பொறியியலாளர்கள் வைக்கிற பெயர். உள்ளே உண்மையில் எது மாறியது, எது மாறவில்லை என்பது குறிப்பெயரில்தான் தெரியும். 2015க்குப் பிறகு வந்த பெயர்களில் பெரும்பாலானவை ‘லேக்’ என்றுதான் முடிகின்றன. லேக் என்றால் வாவி, மட்டக்களப்பு போன்ற வாவிக்கரை ஊருக்குப் பொருத்தமான பெயர்கள்தான், ஆனால் ஒரு லேக்குக்கும் அடுத்த லேக்குக்கும் இடையில் சில வேளை பெயரைத் தவிர வேறெதுவும் மாறியிருக்காது.

பழையவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சாண்டி பிரிட்ஜ் 32 நனோமீற்றர் (சிப் தயாரிப்பு முறையின் அளவு, எண் சிறிதானால் புதிய முறை). ஐவி பிரிட்ஜ் 2012, 22 நனோமீற்றர். ஹஸ்வெல் 2013. ஹஸ்வெல்லில் கணக்குகளை வேகமாகச் செய்கிற ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வந்தன, லெப்டொப்பில் புரொசெசரைச் சொக்கெட்டிலிருந்து கழற்றி மாற்றக்கூடிய கடைசித் தலைமுறையும் அதுதான். அடுத்து வந்த பிரோட்வெல் முதல் லெப்டொப் புரொசெசர் எல்லாம் மதர்போட்டோடு ஈயம் வைத்து ஒட்டியது. ‘பிறகு ஐ7 போட்டுத் தரலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு ஹஸ்வெல்லோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைகளுக்கு இடப்பட்ட திருத்தங்கள் ஹஸ்வெல்லையும் அதற்கு முந்தியவற்றையும் உணரக்கூடிய அளவு மெதுவாக்கும் என்று மைக்ரோசொஃப்டே அப்போது சொன்னது. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஹஸ்வெல்லில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்குகிற சாமான் அது இப்போது அல்ல.

ஸ்கைலேக், ஆறாம் ஜெனரேஷன், 2015. கடைகளில் ஐ5-6200யூ, 6300யூ என்று வரும். 14 நனோமீற்றர், டிடிஆர்4 ரெம், 2 கோர் (வேலை செய்கிற அலகு), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). அடுத்தது கேபி லேக், ஏழாம் ஜெனரேஷன், லெப்டொப்புக்கு 2016இல் வந்தது. கோர் அதேதான், வேகம் கொஞ்சம் கூட. உருப்படியான மாற்றம் கிராபிக்ஸ் பக்கத்தில்தான் நடந்தது. யூடியூப் அதிகம் பாவிக்கிற விபி9 வீடியோவைக் கேபி லேக் முழுக்கத் தன் வன்பொருளிலேயே பிரித்துவிடும். ஸ்கைலேக் அந்த வேலையில் பாதியைக் கோர்களின் தலையில் போடும். 4கே வீடியோ ஓடும்போது ஆறாம் ஜெனரேஷன் பெட்டியின் ஃபேன் இரைவதற்கும் பற்றரி இறங்குவதற்கும் காரணம் அது.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு பெரிய குறை உண்டு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பட்டியல், மிகச் சில விதிவிலக்குத் தவிர, எட்டாம் ஜெனரேஷனில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் பெட்டியில் விண்டோஸ் 11 போட்டுக் காட்டினால் அது சோதனையைத் தாண்டிப் போட்டது. ஓடும். ஆனால் வருடாந்தப் பெரிய அப்டேட் வரும்போது தானாக ஏறாமல் நின்றுவிடும், திரும்பத் தாண்டிப் போட வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ நான்கு வருடம் படிக்கப் போகிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற பெட்டி என்றால், ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலான கொஞ்சக் காசை மிச்சம் பிடிப்பது புத்தியல்ல.

2017 ஓகஸ்டில் வந்த கேபி லேக் ஆர்தான் இந்த வரிசையில் முதல் உண்மையான தாவல். கடைகளில் ஐ5-8250யூ, 8350யூ, ஐ7-8550யூ, 8650யூ என்ற எண்களோடு வரும். இங்கே அதிகம் புழங்குகிற திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5, லெட்டிடியூட் 7490 ஆகிய மூன்றிலும் இந்தக் குடும்பம் உண்டு. ஆனால் டி480, 7490 போன்றவை ஏழாம் ஜெனரேஷனோடும் விற்கப்பட்டவை. மொடல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். ஐ5-7200யூவின் பெயருக்குப் பக்கத்தில் 2.5 கிகாஹேர்ட்ஸ் என்றும் ஐ5-8250யூவுக்குப் பக்கத்தில் 1.6 கிகாஹேர்ட்ஸ் என்றும் விண்டோஸ் காட்டும். பெரிய எண்தான் வேகம் என்று நினைத்து ஏழாம் ஜெனரேஷனை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த எண் அடிப்படை வேகம். எல்லாக் கோரும் சேர்ந்து பாரமான வேலை செய்யும்போதும் 15 வாற்றுக்குள் நிற்கும் என்று இன்டெல் உத்தரவாதம் தருகிற வேகம். 7200யூவில் 2 கோர், 8250யூவில் 4 கோர், இரண்டுக்கும் அதே 15 வாற்று. கோர் இரட்டிப்பானதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற பங்கு குறைகிறது, அடிப்படை எண் இறங்குகிறது. உச்ச வேகத்தை எடுத்தால் 7200யூ 3.1, 8250யூ 3.4. சிப்புக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகமான கேஷ் 3 எம்பியிலிருந்து 6 எம்பி ஆகிறது.

அதற்காக எல்லா வேலையிலும் இரண்டு மடங்கு வேகம் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேர்டில் ஒரு கடிதம் தட்டச்சு செய்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சூம் வகுப்பு ஒரு பக்கம், குரோமில் பதினைந்து டேப் இன்னொரு பக்கம், பின்னால் வைரஸ் ஸ்கேன் என்று ஓடும்போது 7200யூ திணறும், 8250யூ சமாளிக்கும். இதே கணக்கில் பழைய ஐ7ஐயும் பாருங்கள். ஐ7-7500யூவுக்கு 2 கோர்தான். ஐ7-4600யூவுக்கும் 2 கோர்தான். எட்டாம் ஜெனரேஷன் ஐ5 இரண்டையும் தாண்டும், ஆனாலும் ஐ7 ஸ்டிக்கருக்காகவே விலை கூட்டிச் சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி, ஒன்பது, பத்து என்று மேலே போகப் போக நல்லதுதானே? எப்போதும் அப்படியல்ல. இன்டெல் 10 நனோமீற்றருக்கு மாறுவதில் வருடக் கணக்காகத் தாமதமானது. அந்த இடைவெளியை நிரப்ப ஸ்கைலேக் கோரையே 14 நனோமீற்றரில் திருத்தித் திருத்தி, ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயர் வைத்து விற்றது: கேபி லேக், கேபி லேக் ஆர், கொஃபி லேக், விஸ்கி லேக், கொமெட் லேக். சந்தேகம் என்றால் விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘சிஸ்டம்இன்ஃபோ’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். புரொசெசர் வரியில் ‘ஃபெமிலி 6 மொடல் 142 ஸ்டெப்பிங் 10’ என்று வந்தால் அது கேபி லேக் ஆர். ஏழாம் ஜெனரேஷன் 7200யூவிலும் மொடல் 142தான், ஸ்டெப்பிங் (திருத்தப் பதிப்பு எண்) 9. விஸ்கி லேக் 8265யூவுக்கு 142, ஸ்டெப்பிங் 11 அல்லது 12. கொமெட் லேக் 10210யூவும் பெரும்பாலும் 142, ஸ்டெப்பிங் 12. மூன்று ஜெனரேஷன், நான்கு பெயர், சிப் தன்னை அடையாளம் காட்டுவது ஒரே மொடல் எண்ணால். ஸ்டிக்கரைக் கிழித்து வேறு ஒட்டலாம், இந்த வரியை மாற்றுவது அவ்வளவு இலகு அல்ல.

அப்படியானால் விஸ்கி லேக்கில் என்ன கிடைக்கிறது? ஐ5-8265யூ 3.9 வரை ஏறும். மெல்ட்டவுனுக்கான திருத்தம் வன்பொருளிலேயே இருக்கிறது. கொமெட் லேக் 10210யூ 4.2 வரை ஏறும், 4 கோர்தான். கொஞ்சம் சுறுசுறுப்பு கூடும், அவ்வளவுதான். விலை கிட்டத்தட்ட ஒன்று என்றால் புதியதை எடுங்கள், பற்றரியும் திரையும் அந்தளவு பழுதாகியிருக்காது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: டி480இல் ரெம் போட 2 ஸ்லொட், அடுத்து வந்த டி490இல் ஒரு பகுதி ஒட்டியது, 1 ஸ்லொட் மட்டும்.

‘எட்டாம் ஜென்’ என்ற குடைக்குள் ஒதுங்கி நிற்கிற வேறு சில சாமான்களும் உண்டு. ஐ5-8200வை (எண்ணின் கடைசியில் ஆங்கில ‘வை’ எழுத்து) அம்பர் லேக், 2 கோர், 5 வாற்று, மெல்லிய ஃபேன் இல்லாத பெட்டிகளுக்கு. ஐ3-8130யூ, ஐ3-8145யூ இரண்டும் 2 கோர். ஐ5-8300எச் கொஃபி லேக், 45 வாற்று, கேம் பெட்டிகளில் வருவது, வேகம் நல்லது, பற்றரிக்குக் கேடு. எண்ணின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பத்தாம் ஜெனரேஷனில் ஒரு கிளை பிரிகிறது. எண் 10210யூ என்று ஐந்து இலக்கமாக இருந்தால் கொமெட் லேக், பழைய 14 நனோமீற்றர். 1035ஜி1 என்று நடுவில் ‘ஜி’ வந்தால் ஐஸ் லேக், 10 நனோமீற்றர், புதுக் கோர். ஐஸ் லேக்கின் கோர் ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக 18 வீதம் கூட வேலை செய்யும் என்பது இன்டெலின் கணக்கு. ஆனால் அதன் உச்சம் 3.6தான், ஆகவே அன்றாட வேலையில் 4.2க்குப் போகிற கொமெட் லேக்கோடு கிட்டத்தட்ட சமனாகிவிடும்.

அந்தப் புதுக் கோரின் பயன் முழுதாகத் தெரிவது 2020 செப்டெம்பரில் வந்த டைகர் லேக்கில். ஐ5-1135ஜி7: 4 கோர், 8 த்ரெட், 4.2 வரை, ஐரிஸ் எக்ஸ்ஈ கிராபிக்ஸ், ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்துக்கு வன்பொருள் ஆதரவு. ஃபோட்டோஷொப் பாவிக்கிறவர்கள், கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள், ஒட்டோகேட் படிக்கிறவர்கள் எட்டாம் ஜெனரேஷனிலிருந்து இங்கே மாறினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரெம் ஒரே ஒரு துண்டாக இருந்தால் அதே கிராபிக்ஸை விண்டோஸ் ‘யூஎச்டி’ என்றுதான் காட்டும், வேகமும் பெரிதாகக் குறையும். கடையில் 16 ஜீபி ஒரு துண்டாகப் போட்டிருந்தால் 8, 8 ஆக இரண்டு துண்டு மாற்றித் தரக் கேளுங்கள். ஐ3-1115ஜி4க்கு 2 கோர்தான், பதினோராம் ஜெனரேஷன் என்ற சத்தத்தில் இது மறைந்து போகும்.

ஆல்டர் லேக், பன்னிரண்டாம் ஜெனரேஷன், கணக்கையே மாற்றியது. ஐ5-1235யூவை ‘10 கோர்’ என்று விற்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் வேகக் கோர் 2, சிக்கனக் கோர் 8, த்ரெட் 12. பதின்மூன்றில் வந்த ஐ5-1335யூவும் அதே அமைப்புத்தான். புதிதாக எடுக்கிறவர்கள் இந்த இரண்டில் எது மலிவோ அதை எடுக்கலாம். பதின்மூன்று, பதினான்காம் ஜெனரேஷனில் புரொசெசர் பழுதாகிறது என்று 2024இல் வந்த செய்தி டெஸ்க்டொப் ரகங்களைப் பற்றியது. லெப்டொப் வாங்குகிறவர்கள் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

புதுப் பெட்டி என்ற ஒரே காரணத்துக்காக செலரோன் என்4020 எடுப்பதை மட்டும் ஆதரிக்க முடியாது. 2 கோர், அநேகமாக ஒட்டிய 4 ஜீபி ரெம், எஸ்எஸ்டிக்குப் பதிலாக 64 ஜீபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் அந்த 64 ஜீபியைத் தின்றுவிடும். வாரண்டி அட்டை இருந்தாலும் பாவித்த 8250யூவின் பக்கத்தில் அது நிற்காது.

கடையில் பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம். டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ், சிபியூ பக்கம் போங்கள். 8250யூ என்றால் கோர் 4, லொஜிக்கல் (த்ரெட்) 8 என்று இருக்க வேண்டும். சிபியூ-இஸட் என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் கொண்டுபோனால் குறிப்பெயரை நேரடியாகவே காட்டும். பிறகு பாரமான வேலை கொடுங்கள்: ஏழெட்டு டேப்பில் 4கே வீடியோ, அல்லது சிபியூ-இஸட்டிலேயே இருக்கிற ஸ்ட்ரெஸ் சோதனை. முதல் அரை நிமிடம் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும், 15 வாற்றைத் தாண்ட அந்த நேரம் அனுமதி உண்டு. பத்து நிமிடத்துக்குப் பிறகு என்ன வேகம் என்பதுதான் விஷயம். 8250யூ 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே நின்றால் நல்ல பெட்டி. 1.6க்குக் கீழே இறங்கினால் குளிரூட்டல் சரியில்லை. 1க்கும் கீழே போய் அங்கேயே நின்றால் சூட்டை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம், சார்ஜரைப் பாருங்கள். டெல் பெட்டிகளில் சார்ஜரின் நடு ஊசிதான் அது எந்தச் சார்ஜர் என்று பெட்டிக்குச் சொல்வது. ஊசி வளைந்திருந்தாலோ கொப்பிச் சார்ஜர் என்றாலோ பெட்டி வேகத்தைத் தானே கட்டிப்போடும், பற்றரியும் ஏறாது.

டி480 என்றால் டைப்-சி இரண்டிலும் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். டைப்-சி துளையை இயக்குகிற தண்டர்போல்ட் சிப்பின் உள் மென்பொருளான ஃபர்ம்வெயரின் பழைய பதிப்பில் இருந்த கோளாறுக்கு லெனோவோ திருத்தம் வெளியிட்டது. அது போடாத பெட்டிகளில் அந்தத் துளை செத்துப்போக இடமுண்டு. விண்டோஸ் தொடங்க முன்னர் வருகிற அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காதீர்கள். இவை பெரும்பாலும் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த பெட்டிகள். விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லொகின் கேட்டால் அந்த நிறுவனத்தின் பூட்டு இன்னும் கழரவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கரையோரத்தில் புரொசெசரைவிட முதலில் களைத்துப்போவது அதன் மேலே பூசிய, சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுக்குக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட். குளிரூட்டிய அலுவலகத்தில் காலம் கழித்த பெட்டி இங்கே உப்புக் காற்றும் புழுக்கமும் உள்ள அறைக்கு வருகிறது. பேஸ்ட் ஏற்கெனவே காய்ந்திருக்கும். 100 பாகை இந்தச் சிப்புகளின் எல்லை, அதைத் தொடாமல் இருக்கத்தான் வேகத்தைக் குறைக்கின்றன. எடுத்த கையோடு மாற்றிவிடுவது நல்லது. டி480இல் முதலில் பயோஸில் உள் பற்றரியை நிறுத்த வேண்டும், மற்றவற்றில் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். ஹீட்சிங்க் திருகாணிகளுக்குப் பக்கத்தில் எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறியதற்கு, பூட்டும்போது சிறியதிலிருந்து பெரியதற்கு, ஒன்றை ஒரேயடியாக முறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சில்லாத துணியும் கொண்டு பழையதைத் துடையுங்கள். எண் ‘யூ’ என்று முடிகிற ரகச் சிப்பில் பளபளப்பான இரண்டு துண்டு தெரியும். பெரியது புரொசெசர், சிறியது சிப்செட். மேல்மூடி இல்லாத வெறும் சிலிக்கன் அது, ஓரத்தில் திருப்புளி பட்டால் உடையும். பேஸ்ட் அரிசி மணி அளவு போதும், மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். ஃபேனையும் அதன் வாயில் இருக்கிற செப்புத் தகடுகளையும் துப்பரவு செய்யாமல் பேஸ்ட் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்.

டெஸ்க்டொப் பக்கம் ஒரே எச்சரிக்கை. எட்டாம் ஜெனரேஷன் கொஃபி லேக் ஐ5-8400, 8500க்கு 6 கோர், நல்ல சாமான். அது உட்காருகிற சொக்கெட்டின் பெயரும் எல்ஜிஏ1151, ஸ்கைலேக் மதர்போட்டுடைய சொக்கெட்டின் பெயரும் எல்ஜிஏ1151. ஊசிகளும் பொருந்தும், மூடியும் பூட்டுப்படும், ஆனால் எச்110, பி250 போன்ற பழைய மதர்போட்டுகளில் ஓன் ஆகாது. 300 தொடர் மதர்போட் வேண்டும். பழைய மதர்போட்டுக்கு என்று தனிப் புரொசெசர் தேடுகிறவர்கள் ஏழாம் ஜெனரேஷனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விலை முடிந்து பில் எழுதும்போது ‘கோர் ஐ5 லெப்டொப்’ என்று எழுத விடாதீர்கள். புரொசெசரின் முழு எண், கடைசி எழுத்தோடு. ரெம் எத்தனை துண்டு. பெட்டியின் சீரியல் எண். கடை தருகிற வாரண்டி எத்தனை மாதம், பற்றரியும் சார்ஜரும் அதற்குள் அடங்குமா என்பது. பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கே முறையிடப் போனாலும் கேட்கப்போவது அந்தத் துண்டைத்தான். எழுதித் தரத் தயங்குகிற கடையென்றால் அதே வீதியில் அடுத்த கடை இருக்கிறது.